மூச்சுக்கு மட்டும் கூப்பிடுவார்கள்

1

தைப்பொங்கலுக்கு முதல்நாள் நாங்கள் ஊரில் என்ன செய்வோம்? வீட்டைக் கழுவுவோம், முற்றத்தைக் கூட்டுவோம், சந்தைக்குப் போய்ப் புதுப்பானையும் கரும்பும் வாங்கி வருவோம். அவ்வளவுதான். இங்கே அந்த நாளுக்குப் போகி என்று பெயர். விடிய முன்னமே எழும்பி, வீட்டில் கிடக்கிற பழசையெல்லாம் தெருவில் குவித்து எரிக்கிறார்கள். கிழிந்த பாய், பழந்துணி என்று தொடங்கிய வழக்கமாம். இப்போது டயரில் வந்து நிற்கிறது. நாங்கள் இருக்கிற பம்மலில் பட்டறைகளும் பழைய டேனரிகளும் நிறைய, ஆகவே ரப்பருக்கும் தோல் துண்டுக்கும் குறைவே இல்லை. டயர் எரிக்கக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் இந்தப் பக்கம் டயரை உருட்டிக்கொண்டு வருவார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். கீழே பம்மலில் நான் மூச்சு இறங்காமல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருப்பேன்.

எனக்கு முட்டு வருத்தம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. இங்கே அதை வீசிங் என்கிறார்கள், தடிமன் காய்ச்சல் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தப் போகிக்கும் நானும் மகள் துளசியும் ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத் துவாயைத் திணித்து, உள்ளறைக்குள் போய் இருந்துவிட்டோம். வெளியே மேளச் சத்தம். கீழ்வீட்டில் இருக்கிற எங்கள் வீட்டுச் சொந்தக்காரி நூர்ஜஹான் அக்கா படியேறி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாக்கா, உசுரோட கீறியா?" என்று கேட்டார். அவர்களுக்கு இது பண்டிகை இல்லை. ஆனால் புகை வீடு பார்த்தா வருகிறது? நான் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு.

இந்தத் தையோடு நாங்கள் இலங்கையிலிருந்து வந்து தாம்பரம் ஸ்டேஷனில் பெட்டிகளோடு இறங்கி ஏழு வருடம் ஆகிறது. இறங்கிய அடுத்த வருடமே இவர், துளசியின் அப்பா, லண்டனுக்குப் போனார். அகதிக் கேஸ் முடிந்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸ் இன்னும் முடியவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் காத்திருக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். காத்திருக்கிற இடத்திலேயே பிள்ளை வளர்ந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இந்தப் போகியன்று சாயந்தரம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சத்தம் கேட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்கு விளங்கும். நான் சினிமாவில் இருக்கிறேன் என்று ஊரில் கதைக்கிறார்களாம். நல்ல கதை.

2

கொழும்பில் இருந்தபோது வானொலி நாடகங்களில் நடித்திருக்கிறேன். பெரிய நடிகை ஒன்றுமில்லை. ஆனாலும் கடையில் நான் சாமான் கேட்டால், குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த நினைப்பைக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தேன். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இல்லை என்றும் நினைத்தேன். முட்டுக்காரி கடையில் நாள் முழுக்க நிற்க முடியாது. சாக்பீஸ் தூசியில் நின்று பாடம் எடுக்க முடியாது. மாதத்தில் பாதி நாள் லீவு கேட்கிறவளை வேலைக்கு வைக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. குரல் வேலை என்றால் கூப்பிடுகிற நாளில் போய்க் கண்ணாடி அறைக்குள் நின்று பேசிவிட்டு வரலாம். அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டால், லண்டனைப் பார்த்துக் கையேந்தாமல் நானும் பிள்ளையும் இருக்கலாம். இதுதான் என் ஆசை. இந்த ஊரில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

எங்களைப் போன்றவர்கள் அவ்வப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை போனபோது அங்கே இருந்த ஏட்டையா என்ன தொழில் என்று கேட்டார். குரல் கொடுக்கிறேன் என்றேன். பாடுவீங்களா என்றார். இல்லை, பேசுவேன் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்களுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, எழுதினால் எனக்குத்தான் வில்லங்கம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு அவரே ஹவுஸ் ஒய்ஃப் என்று எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், நன்மைக்குத்தான் செய்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பிடித்துத் தள்ளியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

முதலில் சானடோரியம் பக்கம்தான் வீடு பார்த்தோம். நெஞ்சு நோயாளிகளுக்கு ஏற்ற காற்று என்று ஒரு காலத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம், அதனால் எனக்கு அங்கேதான் இருக்க ஆசை. சிலோன்காரர்களுக்கு வாடகைக்குத் தரமாட்டோம் என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நூர்ஜஹான் அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துத் தந்தார். அப்படித்தான் நல்ல காற்றை விட்டுவிட்டு டேனரி வாசத்துக்கு வந்து சேர்ந்தேன்.

3

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்கினால், சந்துக்குச் சந்து டப்பிங் தியேட்டர்கள். தெலுங்கு, இந்தி சீரியல்களைத் தமிழாக்குகிற ஓர் இடத்தில் சபாபதி என்று ஒருவர் பொறுப்பாக இருந்தார். யார் எந்த முகத்துக்குப் பேசுவது என்று முடிவு செய்வது அவர்தான். என்னை உள்ளே நிறுத்தி, படத்தில் ஒரு பெண் வாயசைக்க, நாலு வரி பேசச் சொன்னார். பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குரல் சூப்பரா இருக்குக்கா," என்றார் சபாபதி. "ஆனா வாயத் தொறந்தா கப்பல் ஏறி வந்துர்றீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்கிறது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது உள்ளே ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மாமியார் மூச்சுத் திணறுகிறாள். வந்திருந்த பெண் என்ன செய்தும் சபாபதிக்குப் பிடிக்கவில்லை. நாய் இளைக்கிற மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்க ஒரு தடவை பண்ணிப் பாருங்க என்று, சும்மா வாய்க்கு வந்தபடி, என்னைப் பார்த்துச் சொன்னார். நான் போய் நின்றேன். எனக்கு அதில் நடிக்க என்ன இருக்கிறது? சின்ன வயதிலிருந்து தெரிந்த பாடம். மூச்சு வெளியே போகிறபோதுதான் கஷ்டம், உள்ளே வருகிறபோது அல்ல, இது முட்டு வந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரே டேக்கில் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வசனம் இல்லாத சத்தங்களுக்கு இங்கே ரியாக்‌ஷன் என்று பெயர். விம்மல், இருமல், முனகல், சாவு. அன்றிலிருந்து நான் ரியாக்‌ஷனுக்கு ஆள் ஆனேன். மூச்சுக்கு யாழ்ப்பாணமும் இல்லை, மெட்ராஸும் இல்லை. எத்தனையோ மாமியார்களுக்கும் நாத்தனார்களுக்கும் நான் உயிரை விட்டிருக்கிறேன். ஒரு பக்திப் படத்தில் கிழட்டுக் குதிரைக்குக்கூட விட்டேன். தியேட்டர் தியேட்டராகப் பெயர் பரவியது, மூச்சு அக்கா, சுருக்கி மூச்சுக்கா என்று. ஊரில் உங்களுக்கு இது பெருமையா வெட்கமா என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் முடிந்து கிளம்பும்போது சபாபதியிடம் கேட்பேன், ஏதாவது வசனம் இருந்தால் சொல்லுங்கள் என்று. பாப்போம்க்கா என்பார். அடுத்த வாரம் போன் வரும். மூச்சுக்குத்தான்.

4

எனக்கு நிஜமாகவே வருத்தம் இருக்கிறது என்று தியேட்டரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சீக்காளி என்று தெரிந்தால் கூப்பிட மாட்டார்கள். பாதியில் விழுந்துவிட்டால் அன்றைய வேலை முழுக்கக் கெட்டுவிடும், எத்தனை பேருடைய பொழைப்பு அது. அதனால் மூச்சுக்கு மருந்து அடிக்கிற பம்பைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருப்பேன், கழிப்பறைக்குப் போய் அடித்துக்கொள்வேன். எவ்ளோ தத்ரூபமா பண்றாங்க, என்ன கன்ட்ரோல் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடிக்கொண்டிருப்பேன்.

குரோம்பேட்டையில் நான் காட்டுகிற டாக்டரம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வேண்டுமென்றே இளைத்தால் உள்ளே குழாய் சுருங்கும், பொய் மூச்சு நிஜ மூச்சைக் கூட்டிக்கொண்டு வரும் என்றார். என்னிடம் இரண்டு பம்ப் உண்டு. நீலம், முட்டு வந்துவிட்டால் அடிப்பது. மற்றது, வராமல் இருக்கக் காலையும் மாலையும் தவறாமல் அடிப்பது. இந்த இரண்டாவதுதான் எனக்குச் சத்துரு. ஒழுங்காக அடித்தால் மூச்சு அருமையாக இருக்கும், ஆனால் தொண்டை கட்டிக் குரல் கரகரவென்று போய்விடும். அடிக்காமல் விட்டால் சில நாளில் குரல் மணி மாதிரி ஒலிக்கும், மூச்சு போய்விடும். வாய் கொப்பளித்துப் பார்த்தேன், பம்புக்கு முன்னால் குழாய் வைத்து அடித்துப் பார்த்தேன், மருந்தை மாற்றியும் பார்த்தேன். சிலருக்கு அப்படித்தான் என்று டாக்டரம்மா சொன்னார்.

"வேற ஏதாவது வேலை பாருங்களேன்மா," என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்கிறவர்களுக்கு என்ன? வேறு வேலை பார்க்கக் காகிதம் இல்லை, வேறு வேலை பார்க்க நெஞ்சும் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால் சமாதானம் என்று நம்பிப் போனவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். லண்டனுக்குப் போக விசா இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். திறந்திருந்த ஒரே கதவு அந்தக் கண்ணாடி அறைக் கதவு. அதை மூடச் சொன்னால் நான் எங்கே போவேன்? இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

5

வசனம் வேண்டுமென்றால் இந்த ஊர்ப் பேச்சு வரவேண்டும். அதற்கு எனக்கு வீட்டிலேயே ஒரு டீச்சர் இருந்தாள். துளசி இங்கே ஐந்து வயதில் வந்தவள். இப்போது அவளைப் பார்த்து யாரும் யாழ்ப்பாணம் என்று சொல்ல முடியாது. நூர்ஜஹான் அக்காவோடு பேசினால் வூடு, கீது, வந்துகினு, போய்கினு. என்னோடு பேசினால் கொஞ்சம் பள்ளிக்கூடத் தமிழ். என்னை நீ என்கிறாள். நாங்கள் எங்கள் அம்மாவை அப்படிச் சொல்லியிருந்தால் அகப்பைக்காம்பு முறிந்திருக்கும்.

ஒருநாள் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு இவருக்குக் கோபம். பிள்ளை தாயை நீ என்று கதைக்கிறாளே, என்ன வளர்ப்பு இது என்று லண்டனிலிருந்து சத்தம் போட்டார். "நீங்கள் வந்து வளர்த்துப் பாருங்கோவன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு இரண்டு கிழமை, பதினாலு நாள், அவரிடமிருந்து போன் வரவில்லை. அவர் பாவம், அவருக்கும் அங்கே அடைபட்ட வாழ்க்கைதான். ஒரு கடையின் பின்னறையில் படுத்து எழும்புகிற மனிதர். ஆனால் எல்லோருக்கும் பாவம் பார்க்க எனக்கு மூச்சு பத்தவில்லை.

துளசி பாடம் எடுக்கத் தொடங்கினால் கண்டிப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மட்டும் நான் வாய் திறக்கக் கூடாது, தோழிகளுக்கு முன்னால் வெட்கமாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்லவைப்பாள். "அம்மா, நீ ரொம்பச் சுத்தமா பேசற. கொஞ்சம் சோம்பேறியா பேசு," என்பாள். சோம்பேறியாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு வருடம் பாடுபட்டேன். சமைக்கும்போது, ரயிலில், குளிக்கும்போது. ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒருநாள் நான் போட்ட போனைச் சபாபதி எடுத்தபோது, வேண்டுமென்றே இந்த ஊர்க்காரி மாதிரியே நாலு வார்த்தை பேசினேன். அவர் யாரென்று தெரியாமல், யாருங்க வேணும் என்று கேட்டார். நான்தான் என்றதும் இன்னொரு தடவை பேசச் சொன்னார். அடுத்த வாரம் எனக்கு ஒரு அண்ணி வேடம் தந்தார். ஒரு தெலுங்கு சீரியலில் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் வருகிற அண்ணி. நல்லவள், நிறையப் பேசுகிறவள், எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், சாகாதவள். வருடக் கணக்கில் ஓடும் என்றார்கள். துளசி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் முதல் எபிசோடுகளைக் கொடுத்தாக வேண்டும், ஆகவே ரெக்கார்டிங் போகியன்று. குரல் தெளிவாக இருக்கவேண்டும் என்று சபாபதி இரண்டு தடவை சொன்னார். நான் அன்றிலிருந்தே இரண்டாவது பம்பை நிறுத்திவிட்டேன்.

6

அது போன வருடப் போகி. துளசியைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, வாயையும் மூக்கையும் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். பல்லாவரம் வரைக்கும் எங்கே பார்த்தாலும் கறுப்புப் புகை. ரயிலில் நெஞ்சு விசிலடித்தது. நீலப் பம்பை அடித்துக்கொண்டேன், தணிந்தது. கோடம்பாக்கத்தில் இறங்கும்போது குரல் அருமையாக இருந்தது. மெதுவாக அண்ணியின் வரிகளைச் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

மைக்குக்கு முன்னால் பை வைக்க விடமாட்டார்கள், ஜிப்புச் சத்தம் விழும் என்று. பை வெளியே, பம்ப் பைக்குள். முதல் காட்சி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் பிரவீன், காட்டாங்குளத்தூர்க் காலேஜில் படித்துவிட்டு வந்த பிள்ளை, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். மூன்றாவது காட்சியில் அண்ணி தன் கொழுந்தனிடம் அழுதுகொண்டே கெஞ்ச வேண்டும். அழுகைக்கு மூச்சை இழுத்தேன். இழுத்தது உள்ளே போய்விட்டது, வெளியே வரவில்லை.

ஏசிக் குளிரும் புகையும் விட்டுவைத்த மருந்தும் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கையைத் தூக்கி ஆட்டினேன். பிரவீன் மறுபடியும் பெருவிரலைக் காட்டினார். சபாபதி எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. என் காதில் அவர் குரல் கேட்டது.

"சூப்பர்க்கா. அப்படியே கண்டினியூ பண்ணுங்க. நாங்க கட் பண்ணல."

வேறு யாருக்காவது அப்படி வந்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். எனக்கு வந்ததால் ஒருவரும் வரவில்லை. நான் மூச்சுக்கா. என்னைவிட நன்றாக இதை நடிக்க ஆள் இல்லை. கதவு இழுத்தால் திறக்கும் கதவு, எனக்கு அது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. என் வளையல் மைக் ஸ்டாண்டில் ணங் என்று அடித்தது. அதைத்தான் கடைசியாகக் கேட்டேன். ஸ்டாண்டோடு நானும் விழுந்த பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது.

சபாபதிதான் என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாராம், அவரே ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாராம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய். நூர்ஜஹான் அக்கா துளசியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துளசி என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

7

வீட்டுக்கு வந்த பிறகு சபாபதி ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பம்மல் வரைக்கும் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா என்றார். சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் காப்பியைக் குடித்தார். அண்ணியை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, பொங்கல் எபிசோடு நிற்காது அல்லவா. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போன் வரவே இல்லை என்று சொல்லலாம். சந்தைக் காட்சி, கல்யாணக் காட்சி என்று கும்பலாகச் சத்தம் போட இரண்டொரு தடவை கூப்பிட்டார்கள். மூச்சுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. பயந்துவிட்டார்கள், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். லண்டன் காசில் காலம் போனது. மருந்துப் பொறுப்பை முழுக்கத் துளசி எடுத்துக்கொண்டாள். காலையும் மாலையும் பம்பை அவளே கொண்டுவந்து நீட்டுவாள், வாங்கி அடிப்பேன். ஆகவே மூச்சு நன்றாக இருந்தது, குரல் தகரத்தை இழுத்த மாதிரி ஆகிவிட்டது.

இனி இந்தப் போகிக்கு வருகிறேன். சாயந்தரம் புகை அடங்கியிருந்தது. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பொங்கலுக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு டப்பிங் சீரியல். துளசி பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சீரியலில் ஒரு கிழவியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள், அவளுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. என்ன நடக்கிறது என்று நான் யோசிக்க முன்னமே, துளசி சோப்புக் கையோடு ஓடி வந்து நீலப் பம்பை என் வாயில் திணித்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து விலக்கினேன். எனக்கு ஒன்றுமில்லை, இருந்தும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. இரண்டு பேரும் திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தோம். கிழவி வாயைத் திறந்து திறந்து மூடினாள், என் நெஞ்சு அவளுக்குள் விசிலடித்தது. பிறகு ணங் என்று ஒரு சத்தம். படத்தில் கட்டிலருகே மேசையில் ஆஸ்பத்திரிச் சாமான் இருந்ததால் என் வளையல் சத்தத்தையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

"இது நீ நடிச்சது இல்ல," என்றாள் துளசி. "அன்னிக்கு வந்தது."

அவளே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள். சோப்புத் தண்ணீர் தரையெல்லாம் சொட்டியிருந்தது. நான் நடிக்கிற மூச்சுக்கு அவள் ஒருநாளும் எழுந்து வந்ததில்லை, வீட்டில் எவ்வளவோ ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் சபாபதிக்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவில்லை. ஆமாக்கா, அது கம்ப்யூட்டர்ல இருக்கு, எந்த சீனுக்கு வேணுமோ எடுத்துப் போட்டுக்கறோம் என்றார். இப்போதெல்லாம் டேப் இல்லை, ஒரு தடவை எடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாமாம். நாலைந்து சீரியலில் ஏற்கனவே போட்டாகிவிட்டதாம். "உங்களக் கூப்பிட்டு மறுபடி கஷ்டப்படுத்த மனசு வரலக்கா. அது இருக்கறதால நீங்க நிம்மதியா இருக்கலாம்னுதான்," என்றார். அவர் அதை நிஜமாகவே எனக்குச் செய்த உபகாரம் என்று நினைத்திருக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சாகக் கிடந்த சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதனால் நீ வரவேண்டாம் என்கிறார். என் இடத்தில் என் மூச்சு வேலை செய்கிறது, நான் வீட்டில் முந்திரி உடைக்கிறேன்.

"அதை அழியுங்கோ," என்றேன். ஒரு வருடமாகப் படித்த சோம்பேறிப் பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழிச்சா மறுபடி உங்களத்தானேக்கா கூப்பிடணும் என்றார் அவர். கூப்பிடுங்கோ, வசனத்துக்குக் கூப்பிடுங்கோ, மூச்சுக்கு இனி வரமாட்டேன் என்றேன். அழித்துவிடுகிறேன், ஏற்கனவே போட்டதை எடுக்க முடியாது என்றார். பிறகு, திங்கட்கிழமை வாருங்கள், ஒரு டீச்சர் வேடம் இருக்கிறது, இரண்டு காட்சிதான், பேசிப் பாருங்கள், எதற்கும் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். வைக்கும்போது குரல் மட்டும் தெளிவாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று சாயந்தரம் துளசி வழக்கம்போல இரண்டாவது பம்பைக் கொண்டுவந்தாள். நான் வாங்கி வாயில் வைத்து அழுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டேன், மருந்து உள்ளே போகவில்லை. பிறகு வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ இழுக்கல," என்றாள்.

இழுத்தனான் என்றேன். இழுத்தா ஒரு சத்தம் வரும், வரல என்றாள். எந்தத் தியேட்டரிலும் இப்படிக் கேட்கிற காது இல்லை. இனி மறைத்து என்ன பிரயோசனம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் பிள்ளை, இந்த ஒரு தடவை குரல் நன்றாக இருந்தால் போதும், இது போனால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவள் எனக்கு ஒரு வருடம் பேசச் சொல்லிக்கொடுத்தவள், எனக்கு அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

"நீ செத்துட்டேன்னா அந்த டிவிலதாம்மா மூச்சு விட்டுனு இருப்ப," என்றாள். "நான் ஒவ்வொரு தடவையும் ஓடி வருவேன்."

பம்பைக் குலுக்கி மறுபடியும் என் வாயருகே பிடித்தாள். இழுத்தேன். சத்தம் வருகிறதா என்று குனிந்து கேட்டுவிட்டு, கொப்பளிக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள். திங்கட்கிழமைக்கு எந்தக் குரல் மிஞ்சுகிறதோ, அந்தக் குரலோடு போவேன்.